கூரைக்கு ஒரு கம்பளி

வீடும் நாமும்

மொட்டை மாடிக்கு இரண்டு மாமியார். ஒருத்தி சித்திரையில் வந்து வைகாசி முடிய வறுத்தெடுக்கிறாள். இன்னொருத்தி ஐப்பசியில் வந்து மார்கழி வரை அழுது தீர்க்கிறாள். இருவருக்கும் ஈடு கொடுத்து நிற்கிற அந்தத் தளத்தின் அடியில்தான் நாம் சமைக்கிறோம், தூங்குகிறோம், குழந்தைகளைப் பரீட்சைக்குப் படிக்க வைக்கிறோம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் குடியிருக்கும் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் மத்தியானமே எட்டிப் பார்க்கிற கடற்காற்று, பதினைந்து இருபது கிலோமீட்டர் கடந்து இந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சில நாட்களில் வழியிலேயே நின்றுவிடும். 2003-ம் வருஷம் மே மாதக் கடைசியில் சென்னை நகரத்துக்குள்ளேயே 45 டிகிரி செல்ஷியஸ் பதிவாயிற்று என்றால், கடற்காற்று தாமதமாக வருகிற ஊர்களின் பாட்டைச் சொல்லவா வேண்டும்?

மழையின் கணக்கையும் பாருங்கள். ஆயிரம் சதுர அடித் தளத்தின் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர் விழுகிறது. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள், பூந்தமல்லிக்கு அடுத்த செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் கொட்டியது. அதாவது, ஒரு நடுத்தர வீட்டு மாடியின் மேல் கிட்டத்தட்ட 44,000 லிட்டர். ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகள் ஐந்தைக் கொண்டு வந்து தலைக்கு மேல் கவிழ்த்த மாதிரி! இதில் ஒரு குடம் தண்ணீர் விரிசலில் இறங்கினால் போதும், அலமாரிக்குப் பின்னால் ஓதம் ஏறிவிடும்.

நம் பாட்டிமார் காலத்திலும் வெயில் அடித்தது, மழை பெய்தது. அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கும் அந்தத் தளத்தில், தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்புக் காரையும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. அந்தக் கனமான போர்வையைத் தாண்டி உஷ்ணம் இறங்குவதற்குள் சூரியன் மலையேறிவிடுவான்.

இன்றைய தளம் நாலைந்து அங்குலக் கான்கிரீட். வலுவில் குறையில்லை, ஆனால் உஷ்ணத்தைத் தடுக்கும் குணம் அதற்குக் குறைவு. வைகாசி வெயிலில் மேல்பக்கம் 60 டிகிரியை எட்டுவது சாதாரணம். பகலெல்லாம் குடித்த உஷ்ணத்தைத் தளம் சாயங்காலத்துக்கு மேல் நிதானமாகக் கீழே இறக்குகிறது. இரவு பத்து மணிக்கு மின்விசிறியைப் போட்டால் அடுப்பை ஊதுகிற காற்று வருவது இதனால்தான். விசிறியை மாற்றிப் பயனில்லை. கூரையைத்தான் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் ‘ஸ்பிரே ஃபோம்’ என்ற புது விருந்தாளி வருகிறார். அவர் நமக்கு முற்றிலும் புதியவரல்ல. நம் வீட்டு பிரிட்ஜின் சுவருக்குள்ளே மறைந்து நின்று குளிர்ச்சியைக் காப்பாற்றுகிறவர் இவரேதான். பாலியூரிதேன் என்பது பெயர். 1937-ல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்ற ரசாயன நிபுணரும் அவருடைய கூட்டாளிகளும் கண்டுபிடித்த சரக்கு.

கூரைக்கு இதைப் போடுகிற விதம் வேடிக்கையாக இருக்கும். இரண்டு பீப்பாய்களில் இரண்டு திரவம். சூடாக்கிய இரண்டு குழாய்கள் வழியாக வந்து, ஒரு துப்பாக்கியின் முனையில் அவை சந்திக்கின்றன. பீய்ச்சிய சில விநாடிகளில் பால் பொங்குவது போலப் பொங்கி, இருபது முப்பது மடங்கு பருத்து, அப்படியே இறுகிவிடுகிறது. அதற்குள் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு அறைகள். அவை மூடியே இருப்பதால் உஷ்ணமும் எளிதில் போகாது, தண்ணீரும் எளிதில் போகாது.

இதனால் என்ன லாபம்? முதலாவது, குளுமை. ஓர் அங்குல ஃபோம் தடுக்கிற உஷ்ணத்தைக் கான்கிரீட்டால் தடுக்க வேண்டுமானால் ஏறக்குறைய ஐந்தடிக் கனம் வேண்டும். அந்தப் போர்வை தளத்துக்கு மேலே, வெயில் படுகிற பக்கத்திலேயே இருப்பதால் கான்கிரீட் காய்வதே குறைகிறது. ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கு மின்சாரக் கட்டணத்தில் இது தெரியும். ஏ.சி. இல்லாதவர்களுக்குத் தூக்கத்தில் தெரியும்.

இரண்டாவது, இணைப்பு கிடையாது. தார்ப் பாயோ தட்டோடோ போட்டால் ஒவ்வொரு சேர்க்கையும் தண்ணீருக்கு ஒரு வாசல். ஒழுகல் பெரும்பாலும் தளத்தின் நடுவில் பிறப்பதில்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில், குழாய் நுழைகிற துளையில், அரசங்கன்று முளைத்த இடுக்கில் பிறக்கிறது. ஃபோமைச் சுவரின் மேலும் அரையடி, முக்காலடி ஏற்றிப் பீய்ச்சிவிட்டால் அந்த மூலைகளெல்லாம் ஒரே தோலாக மூடிக்கொள்ளும்.

மூன்றாவது, பாரம். ஆயிரம் சதுர அடிக்கு இரண்டு அங்குல ஃபோமின் எடை கால் டன்னுக்குக் குறைவு. அதே இடத்தில் மூன்று நாலு அங்குலம் செங்கல் ஜல்லிக் காரை போட்டால் பன்னிரண்டு, பதினைந்து டன் ஏறும். வயதான கட்டடங்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் சூப்பர்டோம் என்ற பிரம்மாண்டமான விளையாட்டரங்கம் இருக்கிறது. 2005-ல் கத்ரீனா புயல் அதன் கூரை உறையைப் பிய்த்தெறிந்தது. 2006-ல் மறுபடி திறப்பதற்குள், ஏக்கர் கணக்கில் விரிந்த அந்தக் கூரையை இந்த ஃபோமைப் பீய்ச்சித்தான் மூடினார்கள். புயலில் அடிபட்ட ஊரே நம்பியது என்றால் சரக்கில் சத்து இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஆனால் ஒரு வித்தியாசம். சூப்பர்டோம் கூரையின் மேல் யாரும் வடாம் பிழிவதில்லை!

நம் மொட்டை மாடி வெறும் கூரை அல்ல. அது நம் வீட்டின் இன்னோர் அறை. அங்கேதான் மிளகாய் காய்கிறது, துணி உலர்கிறது, பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், மின்சாரம் போன இரவில் பாய் விரிக்கிறோம். ஃபோமோ, நடந்தால் தாங்குமே தவிர, நாற்காலிக் கால் குத்தினால் பள்ளம் விழும். காக்கை கொத்தும். பள்ளம் விழுந்த இடத்தில் தண்ணீர் நுழைந்தால் அத்தனை செலவும் வீண். ஆகவே புழங்குகிற மாடியாக இருந்தால், ஃபோமின் மேல் ஒரு துணி விரிப்புப் போட்டு, சிமெண்டுத் தளம் பூசி, வெள்ளை ஓடு பதிப்பதுதான் முறை. செலவும் பாரமும் ஏறும். ஆனால் மாடி நமக்கு மிஞ்சும்.

ஓடு பதிக்காவிட்டால் மேல்பூச்சு கட்டாயம். ஃபோமுக்குச் சூரியன் ஆகாது. திறந்து கிடந்தால் பழுத்து, மாவாக உதிர ஆரம்பித்துவிடும். வெள்ளைப் பூச்சு உடனுக்குடன் வேண்டும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கவும் வேண்டும். “ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை” என்று சொல்கிறவரிடம் காப்பி மட்டும் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நெருப்பும் அதற்கு ஆகாது. இது எரிந்தால் வரும் புகை விஷம். தீப்பிடிப்பதைத் தாமதப்படுத்தும் ரகத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அப்படி வாங்கினாலும், ஓடு பதிக்காத ஃபோம் மாடியில் கார்த்திகை அகல் வரிசையும் தீபாவளி ராக்கெட்டும் கூடாது. விளக்கை வாசலில் ஏற்றுவோம். சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

வேலை நடக்கிற அன்று வருகிற ஆவி மூச்சுக்கு மிகவும் கெடுதல். குழந்தைகளையும், ஆஸ்துமா உள்ளவர்களையும், கர்ப்பிணிகளையும் ஒரு நாள் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பீய்ச்சுகிற ஆள் முகமூடி இல்லாமல் நின்றால் வேலையை நிறுத்துங்கள். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். காற்றடிக்கிற நாளில் பீய்ச்சினால் துளி பறந்து, பக்கத்து வீட்டுக் காரிலும் கொடிப் புடவையிலும் ஒட்டும். ஒட்டினால் போகாது, சண்டையும் சீக்கிரம் தீராது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விஷயம். ஃபோம் கம்பளிதான், வைத்தியர் அல்ல. ஜுரத்தோடு இருப்பவரைக் கம்பளியால் மூடினால் ஜுரம் போய்விடுமா? தளத்துக்குள் ஏற்கெனவே ஈரம் இறங்கியிருந்தால், உள்ளே இருக்கிற இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது, கான்கிரீட்டைப் பிளக்கிறது. சமையலறைக் கூரையில் காரை பெயர்ந்து பழுப்புக் கம்பி தெரிகிறதே, அது இந்த நோய்தான். அதை மேலே மூடிவிட்டால் நோய் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். முதலில் கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, விரிசலை அடைத்து, தண்ணீர் தூம்பை நோக்கி ஓடும்படி வாட்டம் சரி செய்ய வேண்டும். கம்பளி பிறகு.

ஈரத் தளத்தில் ஃபோம் ஒட்டவும் ஒட்டாது. கொப்புளம் கட்டிக்கொண்டு எழும்பும். இதற்கு ஒரு வீட்டுப் பரீட்சை உண்டு. இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து, நாலு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் பிரித்தால் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருக்கிறதா? அப்படியானால் இன்னும் காய வேண்டும். மாசி, பங்குனியில் இந்த வேலையை வைத்துக்கொள்வது உத்தமம்.

சரக்கைச் சோதிக்கவும் நம் சமையலறைத் தராசே போதும். பத்து சென்டிமீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு அறுத்துத் தரச் சொல்லுங்கள். அது இருபது கிராமுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். குறைந்தால் காற்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள். பீய்ச்சி முடித்த பிறகு நீளமான ஊசியால் பத்து இடத்தில் குத்திக் கனம் பாருங்கள். குத்திய துளைகளை மேல்பூச்சுக்கு முன் அடைக்கச் சொல்லுங்கள். எத்தனை அங்குலம், என்ன பூச்சு, எத்தனை வருஷப் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

இது எல்லோருக்கும் வேண்டுமா? வேண்டாம். நம் புறநகர் வீடுகள் பலவற்றில், மாடித் தூண்களில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். “பையனுக்குக் கல்யாணமானால் மேலே ஒரு போர்ஷன்” என்ற கனவு அது. இரண்டு வருஷத்தில் மேலே கட்டப் போகிறவர்கள் ஃபோம் போட்டால், அதைச் சுரண்டி எடுக்கவும் கூலி கொடுக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இது கட்டாது. அவர்களுக்கெல்லாம் வெள்ளைப் பூச்சு போதும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா அரசாங்கம் 2023-ல் இதற்கென்றே ‘குளுமைக் கூரை’க் கொள்கை வெளியிட்டிருக்கிறது. அழுக்குப் படிந்தால் பலன் குறையும். அவ்வப்போது கழுவ வேண்டும். வெறும் பூச்சு ஒழுகலை நிறுத்தாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சொந்த வீடு, மேலே கட்டுகிற உத்தேசமில்லை, கடைசித் தளத்தில் படுக்கை, வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ உண்டு என்றால், ஃபோமுக்குச் செய்கிற செலவு நகைக்குச் செய்கிற செலவை விடப் புத்திசாலித்தனமானது. நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். இது தினமும் உழைக்கும்.

மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த மழை விட்டதும் கொஞ்சம் கோலமாவோடு மாடிக்குப் போய், தண்ணீர் தேங்கி நிற்கிற இடங்களைச் சுற்றிக் கோடு போடுங்கள். மறுநாளும் தண்ணீர் வற்றாத வட்டம் எது என்று பார்த்து, அதைச் சுற்றி பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். வாட்டம் அங்கேதான் கெட்டிருக்கிறது. மாசியில் மேஸ்திரி வரும்போது, எங்கே ஆரம்பிப்பது என்று அவர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே அவருக்குச் சொல்லலாம்.