சாவா மூவா மந்தை

வேலூர், ஆம்பூர் பக்கம் ஒரு வீட்டில் துக்கம் என்றால், மறுநாள் காலைக்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வந்துவிடும். மேலே படம், கீழே மகன், மகள், மருமகன், பேரன், பேத்தி என்று வரிசையாகப் பெயர்கள். வாத்தியாராக இருந்தவர் என்றால் ‘ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்’ என்று போடுவார்கள். பஸ் ஓட்டியவர் என்றால் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் இருக்கும். நாற்பது வருஷம் மாடு வளர்த்து, அதிலேயே பிள்ளைகளைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்து கொடுத்தவருக்கு என்ன போடுவது? பெரும்பாலும் ‘விவசாயி’ என்று ஒரு வார்த்தை. பல பேனர்களில் அதுவும் இருக்காது.

அப்படி ஒருவரை நினைவுகூர்வது எப்படி என்பதுதான் இந்த வாரம் நாம் பேசப்போகும் விஷயம். பேனரில் இடம்பெறாத ஆறேழு உறவுகள் அவருக்குக் கொட்டகையில் இருக்கின்றன. அவை என்ன ஆகின்றன என்று கேட்டாலே, அந்த மனிதர் யார் என்பது புரிந்துவிடும்.

தோல் சொல்லும் கதை

நம்முடையது தோல் ஊர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பகுதி ஊர்களில், தோலைக் கையால் தடவிப் பார்த்தே தரம் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்ட காலத்திலிருந்து வரும் திறமை அது.

ஒரு மாட்டுத் தோலை அவர்கள் முன் விரித்துப் போட்டால், மாட்டை வளர்த்தவரின் குணத்தையே சொல்லிவிடலாம். கழுத்தில் தடித்த வடு இருந்தால் நுகத்தடிப் புண் ஆறுவதற்குள் மறுபடி ஏரில் பூட்டியிருக்கிறார். தொடையில் குச்சிக் கீறல் இருந்தால் அடித்து ஓட்டியவர். சிறு சிறு குழிகள் உண்ணி கடித்தவை. வயிற்றுப் பக்கம் கோடாக இருந்தால் நோய்க்குச் சூடு போட்டிருக்கிறார்கள். முள்வேலியில் கிழித்துக்கொண்டதும் தெரியும். சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் போன பிறகு இவையெல்லாம் இன்னும் பளிச்சென்று தெரியும். மேல் பூச்சால் மறைக்கலாம், அழிக்க முடியாது.

மாறாக, அப்பழுக்கில்லாத ஒரு தோல் வந்தால்? தினமும் உண்ணி எடுத்தவர், தேய்த்துக் குளிப்பாட்டியவர், புண் ஆறும்வரை வண்டியில் பூட்டாதவர் ஒருவர் அந்த மாட்டின் பின்னால் இருந்திருக்கிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷ உழைப்பு அந்தத் தோலில் இருக்கிறது.

ஒரு ஆயுளுக்கு ஏழெட்டு வாய்ப்பு

மாடு வளர்ப்பு என்றால் தீவனம் வைப்பதும் பால் கறப்பதும்தான் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அந்தத் தொழிலின் கஷ்டமான பகுதி தேர்ந்தெடுப்பது. எந்தக் கிடாரியை வைத்துக்கொள்வது, எதை விற்பது, எந்தக் கன்றைப் பொலிகாளையாக விடுவது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பசுவின் சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். நாட்டுக் கிடாரி முதல் கன்று ஈன மூன்றரை, நான்கு வயதாகிவிடும். ஒரு காளையைத் தேர்ந்தெடுத்தது சரியா என்று தெரிய, அதன் மகள் கன்று போட்டுப் பால் கறக்க வேண்டும். கிட்டத்தட்ட ஐந்து வருஷம். ஒருவர் நாற்பது வருஷம் மாடு வளர்த்தாலும், இப்படி ஏழெட்டு முறைதான் முடிவெடுக்க வாய்ப்பு. ஒரு தவறு செய்தால் ஐந்து வருஷம் போச்சு.

ஆகவே எந்த மாட்டுக்காரரும் தன் வேலையைத் தன் ஆயுளில் முடிப்பதில்லை. மகனோ, மகளோ, மருமகளோ தொடர்ந்தால்தான் அது வேலை. இல்லையென்றால் பாதியில் நின்ற முயற்சி. நல்ல மாட்டுக்காரர் நல்ல குடும்பஸ்தராகவும் இருப்பதை ஊரில் பார்த்திருப்பீர்கள். அது தற்செயல் இல்லை. அடுத்த தலைமுறையை நினைக்காதவரால் மந்தையை வளர்க்கவே முடியாது.

பழையகோட்டை பட்டக்காரர்

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து சேலம், ஈரோடு தாண்டிப் போனால் காங்கேயம். அதை அடுத்த பழையகோட்டையின் பட்டக்காரராக இருந்தவர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார். பட்டக்காரர் என்பது கொங்கு நாட்டில் பரம்பரையாக வரும் பட்டம். நிலமும் செல்வாக்கும் உள்ள குடும்பம். ஆனால் இன்று கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்கு அவர் பெயர் தெரிவது நிலத்தால் இல்லை, மாட்டால். காங்கேயம் இனத்தைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் சொல்லும்போது, அந்த இனத்தை மேம்படுத்தியவர் என்று இவரைக் குறிப்பிடுகின்றன.

காங்கேயம் மாட்டின் அழகைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கன்று பிறக்கும்போது சிவப்பு நிறம். ஆறு மாதம் ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறும். காளைக்குத் திமிலும் முன்பக்கமும் பின்தொடையும் கருத்துவிடும். காயடித்தால் அந்தக் கருமை மங்கிப்போகும். பால் அதிகம் இல்லை. ஆனால் வண்டி, ஏர், கவலை என்று எதில் பூட்டினாலும் சலிக்காது. மழை குறைந்த அந்தப் பூமிக்கு அப்படிப்பட்ட மாடுதான் வேண்டும்.

அந்த மாட்டுக்குப் பின்னால் ஒரு நிலமும் இருக்கிறது. கொறங்காடு என்பார்கள். முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல் வளரவிட்டு, நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம் விட்ட மேய்ச்சல் காடு. ஒரு காட்டில் மேய்ந்து முடித்தால் அடுத்ததற்கு மாற்றி, முதல் காட்டைத் தழைக்க விடுவார்கள். நெல் போடலாம், வீடு கட்டலாம் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு, புல்லுக்கென்று நிலத்தை விட்டுவைக்கிற மனசு வேண்டும். அந்த மனசும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்ததுதான்.

‘மன்றாடி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கொங்கில் அது பட்டப்பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில் மந்தை மேய்ப்பவர்களை அந்தச் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்றால், நெய்க்காக 96 ஆடுகளை மன்றாடிகளிடம் ஒப்படைப்பது வழக்கம். அவற்றைக் கல்வெட்டு எப்படிச் சொல்லும் தெரியுமா? ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடுகள்!

ஆடு சாகாமல் இருக்குமா? சாகும். கிழடும் ஆகும். ஆனால் செத்ததற்குப் பதில் குட்டி வந்து, எண்ணிக்கை மட்டும் குறையாமல் இருக்க வேண்டும். அதுதான் ஒப்பந்தம். மன்றாடி செத்தால் அவர் வாரிசு பொறுப்பேற்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சாகிறவை. சேர்த்துப் பார்த்தால் சாகாதவை. மாடு வளர்ப்பவரின் வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றும்.

நம் பக்கத்துக் கதை

பழையகோட்டையில் பெரிய நிலம் இருந்தது, பட்டம் இருந்தது. பாலாற்றங்கரையில் மூன்று மாடு வைத்திருப்பவருக்கு என்ன இருக்கிறது?

முதலில், மண். 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக நிலைநிறுத்திய புகழ்பெற்ற தீர்ப்பு. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம், பகுதியாகவோ முழுமையாகவோ பயிர் செய்ய முடியாமல் போனதை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. விளைநிலம் போனால் நெல் மட்டும் போகாது. வைக்கோலும் வரப்புப் புல்லும் மாடு குடிக்கும் கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்து போகும்.

ஆனால் தோல் தொழிலை எதிரி என்றும் சொல்லிவிட முடியாது. பல வீடுகளில் அம்மா விடியற்காலையில் எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து சொசைட்டிக்குக் கொடுத்துவிட்டு, ஏழு ஏழரை மணிக்கு ஷூ கம்பெனி பஸ் ஏறுகிறார். சம்பளம் வந்த மாதம் புண்ணாக்கு வாங்குகிறார்கள். வேலை இல்லாத மாதம் பால் பணத்தில் அரிசி வாங்குகிறார்கள். ஒரே குடும்பம் இரண்டு காலிலும் நிற்கிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஊர் ‘மாட்டுக்காரர்’ என்று வீட்டு ஆம்பளையைத்தான் சொல்லும். சந்தைக்குப் போகிறவர், காளையைப் பிடித்துக்கொண்டு மாடு விடும் விழாவுக்குப் போகிறவர் அவர். கறப்பதும், கன்றைக் கட்டுவதும், மடி வீங்கியிருப்பதை முதலில் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பேனரில் ஒருவரைப் போடும்போது இருவரையும் நினைப்பதுதான் நியாயம்.

சரி, அவர் போன பிறகு என்ன நடக்கிறது? பதினாறாம் நாள் காரியத்துக்குள் தரகர் வந்துவிடுவார். மகன் பெங்களூரில், மகள் சென்னையில். அம்மாவால் தனியாகப் பார்க்க முடியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை மாடுகள் பொய்கை சந்தைக்குப் போகும். பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார்கள். சுழி பார்ப்பார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அரை மணி நேரத்தில் நாற்பது வருஷத் தேர்வு ஐந்து திசைக்குப் பிரிந்துவிடும்.

பிள்ளைகளைக் குறை சொல்வது சுலபம். அவர்களை வெளியூருக்குப் படிக்க அனுப்பியவரே அந்த மாட்டுக்காரர்தான். பால் விற்ற காசு கல்லூரிக் கட்டணமானது. அவர் ஜெயித்ததால்தான் கொட்டகை காலியாகிறது.

ஒரு வீட்டின் கதையாக இருந்தால் விட்டுவிடலாம். 2019-ல் நடந்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 19.25 கோடி மாடுகள். 2012-ஐவிடப் பசுக்கள் 18 சதவிகிதம் கூடியிருந்தன. ஆனால் நாட்டு மாடுகள் சுமார் 6 சதவிகிதமும், ஆண் மாடுகள் சுமார் 30 சதவிகிதமும் குறைந்திருந்தன. டிராக்டர் வந்தபின் எருதுக்கு வேலை இல்லை. சினை ஊசி வந்தபின் ஊர்க் காளையைத் தேடுவாரும் குறைவு. நம் பக்கத்தில் தை, மாசியில் நடக்கும் மாடு விடும் விழா இல்லையென்றால், பல ஊர்களில் காளையைக் கட்டிவைக்கக் காரணமே இருக்காது.

நாம் செய்யக்கூடியது

எல்லோரும் வேலையை விட்டுவிட்டு மாடு மேய்க்க வாருங்கள் என்று சொல்லப்போவதில்லை. மாட்டை விற்க வேண்டிய நிலை வந்தால் விற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் மாட்டோடு சேர்த்து இன்னொன்றும் போகிறதே, அதையாவது பிடித்துவைக்கலாம்.

இப்போது மாட்டின் காதில் மஞ்சள் வில்லை போடுகிறார்கள். அதில் 12 இலக்க எண். தடுப்பூசி, சினை ஊசி விவரங்கள் அந்த எண்ணில் பதிவாகும். நல்ல ஏற்பாடு. ஆனால் இந்தப் பசுவின் பாட்டியை எந்தச் சந்தையில் வாங்கினார்கள், கோமாரி வந்த வருஷம் எது பிழைத்தது, எந்தப் பசு இடது பக்கம் உட்கார்ந்தால்தான் கறக்க விடும், கோடையில் எந்தத் தழையை ஒடித்துப் போட்டார்கள் என்பதெல்லாம் எந்த எண்ணிலும் இல்லை. அது தாத்தாவின் தலையிலும் பாட்டியின் கையிலும் இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ பெரியப்பா வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போங்கள். வீட்டுக்குள் உட்காரவைத்துக் கேட்டால் “அதெல்லாம் என்னத்தச் சொல்றது” என்பார். மாட்டுக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் நிறுத்த மாட்டார். ரெக்கார்டரை ஓடவிட்டு, ஒவ்வொரு மாட்டையும் காட்டி, இதன் அம்மா யார், யாரிடம் வாங்கியது, எத்தனையாவது ஈத்து, இதை ஏன் விற்கவில்லை என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. ஏன் விற்கவில்லை என்று அவர் சொல்லும்போது, அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது வெளியே வரும்.

விற்றே தீர வேண்டும் என்றால், ஒரு கிடாரியையாவது சந்தைக்கு அனுப்பாமல், ஊரிலேயே மாடு பார்க்கத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுங்கள். அதன் கன்று, கன்றின் கன்று என்று அந்த வரிசை போய்க்கொண்டிருக்கும். பத்து வருஷம் கழித்து யாரோ ஒருவர், “இது உங்க தாத்தா வீட்டுப் பசுவோட வழிங்க” என்று சொன்னால், எந்தப் பேனரும் தராத அஞ்சலி அது.

சாவா மூவா மந்தை என்று கல்லில் வெட்டிவைத்தவர்கள் விவரமானவர்கள். ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை.