எதிர்காற்றை அளப்போம்!

என் அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. ஒத்தக்கடையிலிருந்து மதுரைக்குத் தினமும் சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவர். ஆடி மாசம் எதிர்காற்று அடித்தால் ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்துகொள்வார். "ஏம்ப்பா இப்படி?" என்று கேட்டால், "நிமிந்தா காத்து பின்னால தள்ளுதுடா" என்பார். அதற்கு ஒரு ஃபார்முலா உண்டு என்று டிப்ளமோவுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். 15 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு எதிரே 15 கி.மீ. காற்று அடித்தால் எதிர்ப்பு நாலு மடங்கு! காற்றுக்குக் காட்டும் பரப்பைக் குறைத்தால் எதிர்ப்பும் குறையும்.

1993 ஜூலையில் ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரீ, வாஷிங் மெஷின் பேரிங் போட்டுத் தானே உருவாக்கிய சைக்கிளில், கைகளை மார்போடு ஒடுக்கிக் குனிந்து, ஒரு மணி நேரத்தில் 51.596 கி.மீ. ஓட்டி உலக சாதனை செய்தார். ஆறே நாளில் கிறிஸ் போர்ட்மேன் அதை முறியடித்தார்.

நண்பர்களே, விண்ட் டனல் இல்லையே என்று சாக்குச் சொல்ல வேண்டாம். காற்றில்லாத விடியற்காலை, சமதளமான ரோடு, ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு சைக்கிள் போதும். ஒரே வேகத்துக்கு வந்ததும் மிதிப்பதை நிறுத்தி உருளவிடுங்கள். நிமிர்ந்து ஒருமுறை, குனிந்து ஒருமுறை, போகவும் வரவும். நிற்கும்வரை ஆகும் நேரத்தைக் குறியுங்கள். ஆளும் சைக்கிளும் மாறாதபோது வித்தியாசம் காற்றினுடையதுதானே!

பழைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குப் புது அட்டை போட்டு மார்க் வாங்குவதா படிப்பு? கேனை எப்படிக் கட்டினால் அப்பாவுக்கு மூச்சு வாங்காது என்று சொல்லத் தெரியாவிட்டால் என் டிப்ளமோ யாருக்கு?

இந்த வருஷம் என் ப்ராஜெக்ட் அதுதான். முதலில் சைக்கிளில் ஏறப்போவது எங்கப்பா!