காக்கையையும் எழுதுக!

“காக்கையை எண்ணுவதற்கும் ஒரு நோட்டுப் புத்தகமா?” என்று விடுதி நண்பர் ஒருவர் சென்ற வாரம் என்னைக் கேலி செய்தார். எனக்குக் கோபம் வரவில்லை. 2019-ஆம் ஆண்டில் இதே கேள்வியைக் கேட்டவன்தான் நானும்! ஆகவே, நண்பருக்கு மட்டுமன்றி அன்றைய எனக்கும் சேர்த்தே இந்தப் பதிலை எழுதுகின்றேன்.

நாம் படிக்க வந்திருக்கும் இந்தக் கேரள நாட்டில், 2015 முதல் 2020 வரை ஓர் அரிய காரியம் நடந்தேறியது. மாநிலம் முழுவதையும் வரைபடத்தில் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்தார்கள். அவற்றுள் ஏறத்தாழ 4,000 கட்டங்களைக் குலுக்கல் முறையிலே முன்கூட்டியே பொறுக்கினார்கள். மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையின் தொடக்கத்தில் ஒரு முறை ஒவ்வொரு கட்டத்துக்கும் சென்று, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பட்டியலாக நான்கு பட்டியல் எழுத வேண்டும். எழுதியவர்கள் யார்? ஆசிரியர்கள், மருத்துவர்கள், எழுத்தர்கள், மாணவர்கள் என ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள். அவர்கள் சேர்த்த குறிப்புகள் மூன்று இலட்சம். கண்ட பறவையினங்கள் 361. இந்தியாவில் ஒரு மாநிலம் முழுமைக்குமாக இப்படி ஒரு பறவை வரைபடம் எழுந்தது அதுவே முதல் முறை.

அந்த ஆயிரவருள் ஒருவரான முதியவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், 2019-இல் என்னையும் உடன் அழைத்துச் சென்றார். இங்குள்ள வழக்கப்படி நானும் அவரை ‘மாஷ்’ என்றுதான் அழைப்பேன். காடு, மலை, இருவாட்சி என்றெல்லாம் கனவு கண்டபடி புறப்பட்டேன். எங்களுக்கு விழுந்த கட்டமோ ரப்பர்த் தோட்டம்! வரிசை வரிசையாக மரங்கள். பறவையின் குரலைத் தேடத்தான் வேண்டியிருந்தது. ஒன்றிரண்டு சின்னான், ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம், அவ்வளவே. என் பட்டியலை வாங்கிப் பார்த்த மாஷ், “காக்கை இல்லையா?” என்று கேட்டார். தலைக்கு மேல் அப்போதும் அவை கரைந்துகொண்டிருந்தன. “காக்கையை யார் எழுதுவார்கள்?” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தம் பட்டியலைக் காட்டினார். அதிலே காக்கை ஏழு.

சாலைக்கு அப்பாலிருந்து அந்நேரம் ஆறுமணிக் குருவியின் சீழ்க்கை கேட்டது. துள்ளி எழுந்து, “எழுதுங்கள் மாஷே!” என்றேன். “அது அடுத்த கட்டம், மோனே. நம்முடையது அல்ல” என்று பேனாவை மூடிவிட்டார். அன்று எனக்கு அவர் பிடிவாதக்காரராகத் தோன்றினார். ரப்பருக்குள் எத்தனை பறவை இல்லை என்பதைக் கண்டு எழுதவே அங்கு வந்தோம் என்பது பின்னர்தான் எனக்கு விளங்கிற்று. நமக்குப் பிடித்த இடத்தில், பிடித்த பறவையை மட்டும் எழுதினால், அது நம் ஆசையின் படமாகுமே அன்றி, நாட்டின் படமாகாது.

சாதாரணப் பறவையை எண்ணி என்ன பயன் என்பார்க்கு ஒன்று சொல்வேன். இராஜஸ்தானத்துப் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவில், 1980-களில் பிணந்தின்னிக் கழுகுகளை எண்ணி எழுதி வைத்தனர். அன்று அவை அரிய பறவைகள் அல்ல. செத்த மாடு கிடந்த இடமெல்லாம் கூட்டங் கூட்டமாக இறங்கியவை. 1990-களின் பிற்பகுதியில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்து விபு பிரகாஷ் அவர்கள் அங்கு மீண்டும் எண்ணி, பழைய கணக்கோடு ஒப்பிட்டார். அப்போதுதான் பேரழிவு நாட்டுக்குத் தெரிந்தது. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்தே கழுகுக்கு நஞ்சாயிற்று என்பது 2004-இல் வெளியாயிற்று. 2006-இல் அரசு அம்மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுக் கழுகுகளில் 100-க்கு 99-க்கு மேல் மாண்டுவிட்டன. பழைய கணக்கும் இல்லாதிருந்தால்? மிஞ்சிய ஒன்றும் போயிருக்கும். ஏன் போயிற்று என்று கேட்கவும் ஆள் இருந்திராது!

நம் முன்னோர் நாரையையும் அன்றிலையும் கூர்ந்து நோக்கிப் பாடினர். அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால், அன்று எத்தனை நாரைகள் இருந்தன என்று பாட்டைக் கொண்டு சொல்ல முடியுமா? பாடிய பரம்பரை எண்ணவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

“படிக்காதவன் எழுதும் கணக்கு விஞ்ஞானமாகுமா?” என்று சிலர் ஐயுறுகின்றனர். தனி மனிதன் தவறு செய்வான்; உண்மை. அதனால்தான் இடமும் நேரமும் முறையும் முன்பே வகுக்கப்படுகின்றன. ஐயத்துக்கு இடமான குறிப்புகளை அனுபவசாலிகள் சரிபார்க்கின்றனர். 2023-இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் அறிக்கை, ஏறத்தாழ 30,000 பேர் எழுதிய மூன்று கோடிக் குறிப்புகளின் மேல் நின்று 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களை உடனே கவனிக்க வேண்டும் என்று சொல்கிறது. எந்த அரசு இத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்து இதைச் செய்திருக்க முடியும்?

ஆனால், தொண்டர் எண்ணுகின்றனர் என்பதற்காக அரசு கையைக் கட்டிக்கொண்டிருக்கலாமா? கேரள வரைபடம் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டிற்று. இம்மண்ணுக்கே உரிய பறவைகள் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளன. அழிவின் விளிம்பில் நிற்பவையோ பெரும்பாலும் கடற்கரையோரத்தில் உள்ளன. மலையில் சரணாலயம் அமைத்துவிட்டோம் என்று மகிழ்ந்தால் போதாது. சதுப்பு நிலமும் மணற்கரையும் வயலும் காக்கப்பட வேண்டும். ஒரு நீர்நிலையைத் தூர்க்க அனுமதி கொடுக்குமுன், அந்தக் கட்டத்தின் பட்டியலை அதிகாரி எடுத்துப் பார்க்கட்டும். பார்க்காத பட்டியல் எழுதாத பட்டியலே.

நண்பர்களே! பொங்கல் விடுமுறைக்கு நம்மில் பலர் ஊருக்குப் போவோம். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைகளை எண்ணி வருகின்றனர். பதினைந்து நிமிடம் போதும், கொல்லைப்புறம் போதும். கண்டதை எல்லாம் எழுதுங்கள்; எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

பொங்கலன்று காக்கைக்குச் சோறு வைக்கும் வீடுகள் நம் வீடுகள். வைத்த கையோடு, வந்தவை எத்தனை என்றும் குறித்து வையுங்கள். மாஷின் பட்டியலில் இருந்த அந்த ஏழு காக்கைகளை நான் விட்டதுபோல் நீங்களும் விட்டுவிடாதீர்கள்!