இனி ஒரு தெருவும் போகக் கூடாது

காலி முகத்திடலில் கடலுக்கு முதுகு காட்டி நின்று ஒருமுறை கிழக்கே பாருங்கள். இராணுவத் தலைமையகம் இருந்த காணியில் ஷங்ரிலா ஹோட்டலும் அதன் குடியிருப்புக் கோபுரங்களும் நிற்கின்றன. அதற்கப்பால் சினமன் லைஃப். பேர வாவிக் கரையில், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தாற்போல் நிற்கும் இரு கோபுரங்களாக 240 மீற்றர் உயரத்துக்கு அல்டேர். எல்லாவற்றுக்கும் மேலே தாமரைக் கோபுரம், சுமார் 350 மீற்றர். 2009இல் போர் முடிந்தபோது இவற்றில் ஒன்றுகூட இருக்கவில்லை. அடுத்து வந்த பதினைந்து வருடத்துக்குள் கொழும்பின் வானம் முழுதாக வேறொன்றாகிவிட்டது.

இந்தக் காட்சியைப் பற்றி நகரம் ஒரே மனத்தோடு இல்லை. ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு பேச்சு. மகன் இரவில் ஒளிரும் தாமரைக் கோபுரத்தைப் படமெடுத்து வெளிநாட்டிலிருக்கும் மாமாவுக்கு அனுப்புகிறான். பக்கத்துக் காணியில் முப்பது மாடி எழுந்த பிறகு முற்றத்துக்கு வெயில் வர முற்பகல் ஆகிவிடுகிறது என்கிறார் தாய். நாடு முன்னேறுகிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்று ஒருவர் கேட்டால், கடன் வாங்கிக் கட்டிய கோபுரத்தால் எங்கள் வீட்டு உலை கொதித்ததா என்று இன்னொருவர் திருப்பிக் கேட்கிறார். 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றவர்களின் வாயிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. அதற்கு மதிப்பளிக்க வேண்டும்.

எங்கள் நிலைப்பாட்டை நேராகவே சொல்லிவிடுகிறோம். உயரமான கட்டடங்களை நாம் எதிர்க்கவில்லை. குடியிருக்கும் மக்களை எழுப்பிவிட்டு எடுக்கும் காணியில் இனி ஒரு வர்த்தகக் கோபுரமும் எழக் கூடாது என்கிறோம். கோபுரம் அழகா, அசிங்கமா என்ற விவாதத்தில் நகரம் தன் மூச்சையெல்லாம் செலவழித்துவிட்டது. அந்தக் காணி எப்படிக் கைமாறியது என்ற கேள்வி இந்தச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று.

கோபுரங்களைக் கண்டு மகிழ்ந்தவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். உயரம் என்றாலே அச்சம் என்றிருந்த காலம் இந்த நகரத்துக்கு உண்டு. 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கி தாக்கப்பட்டபோது கோட்டையின் மையமே நொறுங்கியது. உலக வர்த்தக மையத்தின் 40 மாடி இரட்டைக் கோபுரங்கள் 1997 ஒக்டோபர் 12ஆம் திகதி திறக்கப்பட்டன; மூன்றாம் நாள் அவற்றின் அருகே குண்டு வெடித்தது. கண்ணாடிச் சன்னல்களுக்கு அருகே மேசையைப் போடவே அலுவலகங்கள் தயங்கிய வருடங்கள் அவை. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற தமிழருக்கு அந்த அச்சம் இரட்டிப்பாக இருந்தது. அதனால், பயமின்றி நிமிர்ந்து நிற்கும் ஒரு கட்டடத்தைப் பார்த்து, அப்பாடா, எல்லாம் முடிந்துவிட்டது என்று மக்கள் மூச்சு விட்டதை நாம் புரிந்துகொள்கிறோம்.

ஆனால் அந்த நிம்மதிக்கு விலை கொடுத்தது கொம்பனித்தெரு.

ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் அது. பின்னர் இலங்கை றைபிள் படையில் சேவித்த மலாயர் அங்கே குடியேறினார்கள். ஜாவா லேன், மலே வீதி, றைபிள் வீதி என்ற பெயர்கள் அந்தக் கதையைத்தான் சொல்கின்றன. வேகந்தப் பள்ளிவாசலின் பாங்கொலியும், கியூ வீதிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் மணியோசையும், அந்தோனியாருக்கு ஏற்றிய மெழுகுவர்த்தியும் சில நூறு யார் தூரத்துக்குள் அடங்கிய தெருக்கள். மலாயர், சோனகர், தமிழர், சிங்களவர் எல்லோரும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தார்கள். 1965இல் தமிழ்க் குடும்பமொன்று கட்டிய ரியோ திரையரங்கு 1983 ஜூலையில் எரிக்கப்பட்டதும் இங்கேதான்; கருகிய அதன் சுவர்கள் பல பத்தாண்டுகள் அப்படியே நின்றன. காயமும் கலப்பும் சேர்ந்த இடம் அது. வேறெங்கும் திரும்பக் கட்ட முடியாத ஊர்.

ஆங்கிலத்தில் ‘ஸ்லேவ் ஐலண்ட்’ என்றிருந்த அதன் பெயர் அண்மையில் உத்தியோகபூர்வமாகக் கைவிடப்பட்டது. நல்ல காரியம். ஆனால் கொம்பனித்தெரு என்ற பெயருக்கு உரியவர்களில் எத்தனை பேர் அதைத் தங்கள் முகவரியில் எழுதும் நிலையில் இருக்கிறார்கள்?

2010 மே மாதம் மியூஸ் வீதியில் ஏறத்தாழ இருபது வீடுகள் இராணுவத்தினரின் காவலோடு இடிக்கப்பட்டன. காணி உறுதி வைத்திருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதே வருடம் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. 2015 வரை நகரத் திட்டமிடலும் தேசப் பாதுகாப்பும் ஒரே செயலாளரின் மேசையில் இருந்தன. வீட்டை விடச் சம்மதமா என்று கேட்க வருபவருக்குப் பின்னால் சீருடை நின்றால், அதற்குக் கிடைக்கும் பதிலைச் சம்மதம் என்று யாரும் எழுதிக்கொள்ளக் கூடாது. பின்னர் ஜாவா லேன் பகுதியும் வர்த்தகத் திட்டமொன்றுக்காகக் காலி செய்யப்பட்டது. வாடகைப் பணத்தைக் கையில் கொடுத்து, புதிய வீடு வரும் என்று அனுப்பப்பட்ட குடும்பங்கள் வருடக்கணக்கில் காத்திருந்தன.

இதற்கு அதிகாரிகள் கூறிய நியாயம் ஒரு கணக்கு. கொழும்பு மாநகர எல்லைக்குள் ‘வசதி குறைந்த குடியிருப்புகள்’ என்று வகைப்படுத்தப்பட்ட இடங்களில் 68,000க்கும் மேற்பட்ட வீடுகள் இருப்பதாகவும், அவை ஏறத்தாழ 900 ஏக்கரைப் பிடித்திருப்பதாகவும், அந்தக் காணியை விடுவித்தால் முதலீடு வரும் என்றும் சொன்னார்கள். மாநகரத்தின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர். அதாவது, நகரத்து வீடுகளில் பெரும்பங்கு நகரத்தின் பத்தில் ஒரு பங்குக் காணிக்குள் நெருங்கிக் கிடக்கிறது. காணியை வீணாக்குகிறவர்கள் இவர்களா? ஒருவருக்கு ஒரு பாய் அகல இடத்தில் தலைமுறைகளாக வாழ்ந்து, மண் சுவரைக் கல் சுவராக்கி, மேலே ஒரு மாடி எடுத்து, மகளுக்கு அதில் குடித்தனம் வைத்துக் கொடுத்தவர்கள் இவர்கள். 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் இவர்களில் பலரை வாடகைக்காரர் நிலையிலிருந்து உரிமையாளராக்கியது. அந்த உரிமையையும் சேர்த்தே ‘வசதி குறைந்த’ என்ற இரண்டு சொற்கள் துடைத்துப் போட்டன.

அவர்களுக்கு மாடி வீடு கொடுத்தோமே என்று பதில் வரும். கொடுத்தார்கள். தெமட்டகொடையிலும் வனாத்தமுல்லையிலும் மட்டக்குளியிலும் பன்னிரண்டு, பதினான்கு மாடித் தொடர்கள் எழுந்தன. ஒரு வீடு 400 முதல் 550 சதுர அடி. கூரை ஒழுகாது, கழிவறை உள்ளேயே இருக்கிறது. அதை அற்பமாக நினைப்பவர் மழைக்கால இரவில் பொதுக் கழிவறைக்குப் போயிருக்க மாட்டார். அந்த வசதியை மனமார வரவேற்றவர்கள் பலர், அவர்களின் குரலையும் நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் ஆரம்பத் திட்டங்களில், சொந்த வீட்டை இழந்து வந்தவரிடமே நீண்ட தவணையில் ஏறத்தாழ 10 இலட்சம் ரூபா கேட்கப்பட்டது. மூன்று குடும்பம் வாழ்ந்த வீட்டுக்கு ஈடாக ஒரே ஒரு மாடி வீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். மின்தூக்கி நின்றுவிட்டால் பத்தாம் மாடிக்கு ஒரு மூதாட்டி எப்படி ஏறுவார்? இடியப்பம் அவித்து விற்றவர், கடைவாசலில் தையல் இயந்திரம் போட்டிருந்தவர், முச்சக்கர வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திக் கண்வைத்திருந்தவர் ஆகியோரின் பிழைப்பு தெருவில்தான் இருந்தது. தெருவை மடித்து மேலே தூக்கி வைக்க முடியாது.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலிருந்து இந்த மக்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கைகளை வெளியிட்டிருக்கிறது. தெரியாமல் நடந்துவிட்டது என்று எவரும் சொல்வதற்கு இடமில்லை.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தையும் இங்கே எடுத்துவைக்க வேண்டும். காணி பெருகாது. நகரம் மேலே போகாவிட்டால் பக்கவாட்டில் பரவும். பரவினால் சதுப்பு நிலங்களைத் தின்னும். 2018இல் ராம்சார் சாசனத்தின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட கொழும்புக்கு அந்த ஈரநிலங்கள்தான் வெள்ளத்தைத் தாங்கும் வயிறு. இந்த வாதத்தை நாம் ஏற்றுக்கொள்கிறோம். மாடிகள் வேண்டும். யாருக்கான மாடிகள், எந்தக் காணியில், எத்தகைய கட்டடம் என்பதில்தான் எங்கள் வழக்கு.

எத்தகைய கட்டடம் என்பதற்கு விடை பேர வாவிக்கு அருகிலேயே இருக்கிறது. ஜெஃப்ரி பாவா 1970களின் பிற்பகுதியில் அரச ஈட்டு வங்கிக்காக வடிவமைத்த பன்னிரண்டு மாடிக் கட்டடம் அது. கொழும்பின் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, வெயில் எந்தச் சுவரில் அடிக்கிறது என்று பார்த்து, குளிரூட்டி இல்லாமலே மூச்சு விடும்படி அதை அவர் அமைத்தார். இன்று நாம் அனுமதிக்கும் கண்ணாடிப் பெட்டிகள் பாலைவன நகரங்களுக்கும் பனி நகரங்களுக்கும் பொதுவானவை. உள்ளே குளிர், குளிரூட்டி வெளியேற்றும் சூடு முழுவதும் தெருவில் நடப்பவரின் தலைமேல்.

வெள்ளவத்தை வாசகர்கள், இது கொம்பனித்தெருக்காரரின் பாடு என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த நமக்கு வெள்ளவத்தையின் தொடர்மாடிகள் அடைக்கலம் தந்தன. அந்த நன்றி எங்களுக்கு உண்டு. ஆனால் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய ஒழுங்கைகளில் மாடிக்கு மேல் மாடியாக ஏற்றிக்கொண்டே போனோம். தீயணைப்பு வண்டி திரும்ப முடியுமா என்று கேட்கவில்லை. 2017 மே மாதம் சவோய் திரையரங்குக்கு அருகே பல மாடிக் கட்டடமொன்று சரிந்து உயிர்ப்பலி எடுத்த பிறகும் கேட்கவில்லை. நகரத்தின் கழிவுநீர்க் குழாய்களின் மூலக் கட்டமைப்பு ஆங்கிலேயர் காலத்தில், நூறு வருடங்களுக்கு முன் புதைத்தது. நாற்பது மாடியின் கழிவும் அதே குழாய்த் தொகுதியைத்தான் நம்பியிருக்கிறது. மழை பெய்தால் ஒழுங்கையில் எது மிதக்கிறது என்பது அங்கே வாழ்பவருக்குத் தெரியும்.

இத்தனையும் செய்து எழுப்பிய கோபுரங்கள் எல்லாம் நிறைந்துவிட்டனவா என்றால் அதுவும் இல்லை. கொள்ளுப்பிட்டியில் ஹயாத் ஹோட்டலுக்கென்று எழுப்பத் தொடங்கிய கட்டடம் பத்து வருடங்களுக்கும் மேலாக முடிவடையாமல் நின்றது. மாலையில் பேர வாவிக் கரையோரம் நடந்து பாருங்கள். ஆடம்பரக் குடியிருப்புகளில் எத்தனை சன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ணுவது சிரமமான வேலையாக இராது. வெளிநாட்டில் இருப்பவர் முதலீடாக வாங்கிப் பூட்டிவைக்கும் வீட்டுக்காக, உள்ளூரில் வாழ்பவரின் வீட்டை இடிப்பதை அபிவிருத்தி என்று எழுத எங்கள் பேனாவுக்கு மனம் வரவில்லை.

ஆகவே அரசாங்கத்திடம் நாம் கேட்பது இது. விருப்பத்துக்கு மாறான மீள்குடியமர்த்தல் பற்றிய தேசியக் கொள்கையை அமைச்சரவை 2001இலேயே ஏற்றுக்கொண்டது. இடம்பெயர்வைத் தவிர்க்க முதலில் வழி தேட வேண்டும், மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும், ஆவணம் இல்லாதவரையும் நியாயமாக நடத்த வேண்டும் என்று அது சொல்கிறது. கொள்கையாகவே கிடப்பதால் அதை மீறியவருக்குத் தண்டனை இல்லை. அதைச் சட்டமாக்குங்கள். 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தில் உடனடியாகக் கையகப்படுத்த இடமளிக்கும் அவசர ஏற்பாட்டை, ஹோட்டலுக்கும் அங்காடிக்கும் ஆடம்பரக் குடியிருப்புக்கும் பயன்படுத்த முடியாதபடி திருத்துங்கள். ஒரு ஹோட்டல் எந்த நாட்டிலும் அவசரத் தேவை ஆகாது.

அரச மாடி வீடுகளில் வாடகைக்கு இருப்போருக்கு வீட்டு உரிமை வழங்கப்படும் என்று 2024ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பைக் கடைசிக் குடும்பம் வரை நிறைவேற்றுங்கள். உறுதிப்பத்திரத்தோடு மின்தூக்கிப் பராமரிப்புக்கான நிதியும் வர வேண்டும். மின்தூக்கி ஓடாத பதின்மூன்றாம் மாடியின் உறுதிப்பத்திரம் முதியவருக்குச் சிறைச்சாலையின் சாவியாகத்தான் இருக்கும்.

இருக்கும் தெருக்களை இருக்கும் இடத்திலேயே சீராக்குவதை முதல் வழியாக வையுங்கள். வடிகால் போடுங்கள், குழாயடியை வீட்டுக்குள் கொண்டுபோங்கள், நான்கு மாடிவரை அங்கே வாழ்பவர்களே எடுத்துக்கொள்ளக் கடன் கொடுங்கள். பம்பலப்பிட்டியின் பழைய அரச தொடர்மாடிகளில் படியேறிப் போகும் வீடுகளில் மூன்று தலைமுறை வாழ்ந்திருக்கிறது. அத்தகைய வீடுகளைக் கட்டத் தெரிந்த நாடுதான் இது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பகுதியில் உயர்மாடிக் கட்டடமொன்று வருகிறது என்று கேள்விப்பட்டால், அத்திவாரம் தோண்டும் வரை காத்திருக்காதீர்கள். மாநகர சபையிடமும் நகர அபிவிருத்தி அதிகார சபையிடமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரைபடத்தையும் அனுமதிப் பத்திரத்தையும் எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்கு வரும் அறிவித்தல் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால் கையொப்பம் இடாதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் தரும்படி கேளுங்கள், வாசியுங்கள், பக்கத்து வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அதன் பிறகு முடிவெடுங்கள்.