வீட்டை எடுப்பார்களா, வழக்குப் போடுவார்களா?

முத்தியால்பேட்டை வாசகி ஒருவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "கடைக்காக வீட்டுப் பத்திரத்தை அடமானம் வெச்சு பேங்க்ல 24 லட்சம் வாங்கினோம். அஞ்சு மாசமா கட்டலை. 60 நாள்ல முழுசும் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கு. வீட்டை எடுப்பாங்களா, கோர்ட்டுக்குப் போவாங்களா?"

முடிவெடுப்பது வங்கிதான். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, கடன் வசூல் தீர்ப்பாயத்தில் (நமக்குச் சென்னை) பணத்துக்காக வழக்குப் போடுவது. பாக்கி 20 லட்சத்துக்குக் கீழே என்றால் இந்த வழக்கு சாதாரண சிவில் கோர்ட்டுக்குப் போகும். இன்னொன்று, 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டம். கோர்ட் வாசலை மிதிக்காமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். 'ஏதாவது ஒன்றைத்தானே செய்ய முடியும்?' என்று நினைக்காதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம் என்று 2006-லேயே டிரான்ஸ்கோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வீடு கையில் இருக்கும்போது வழக்குக்காக வருஷக்கணக்கில் காத்திருக்க யாருக்குப் பொறுமை? அதனால் பெரும்பாலும் சர்ஃபேசிதான். வீட்டின் மதிப்பு கடனை விடக் குறைவாக இருந்தாலோ, ஜாமீன் போட்டவரிடம் வேறு சொத்து இருந்தாலோ வழக்கும் சேர்ந்து வரும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'வீட்டை எடுத்துக்கிட்டாங்க, கடன் தீர்ந்தது' என்பது நம் ஊரில் கிடையாது. ஏலத்தில் வந்தது போதவில்லை என்றால் மீதிக்கு வழக்குப் போடலாம். ஜாமீன் கையெழுத்துப் போட்ட சித்தப்பாவையும் கேட்கலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், குடியிருக்க வீடு வாங்கிய கடனுக்கு வீடு போனால் மீதியைக் கேட்க முடியாது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஏலத்தில் கூடுதலாக வந்தால் அது உங்கள் பணம், கேட்டு வாங்குங்கள்.

தாத்தா காலத்து பிரெஞ்சுப் பத்திரம், அதனால் தனிச் சட்டம் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். அடமானத்துக்கு இங்கேயும் இந்தியச் சட்டம்தான்.

சரி, வாசகி என்ன செய்யலாம்? அந்த 60 நாள்தான் முக்கியம். கணக்கு தப்பு, வட்டி அதிகம், கட்டிய தவணை வரவு வைக்கப்படவில்லை என்று ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள். வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். மேனேஜரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது கணக்கில் வராது. கொடுத்த கடிதத்தின் நகலில் சீல் வாங்கி வையுங்கள்.

60 நாள் தாண்டினால் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், பேப்பரிலும் வரும். அக்கம்பக்கம் பார்க்கும் அந்த நாள்தான் வீட்டில் எல்லோரும் உடைந்துபோகும் நாள். ஆனால் அன்றைக்கே யாரும் வெளியே தள்ளிவிட முடியாது. பெரும்பாலும் அது காகிதத்தில் எடுக்கும் சுவாதீனம்தான். நீங்கள் சாவியைக் கொடுக்க மறுத்தால் வங்கி கலெக்டரிடம் உத்தரவு வாங்க வேண்டும். இதை எதிர்க்க 45 நாளுக்குள் சென்னைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உள்ளூர் சிவில் கோர்ட்டில் ஸ்டே வாங்கித் தருகிறேன் என்பவரிடம் ஃபீஸ் கொடுக்கும் முன் யோசியுங்கள். சட்டத்தின் 34-வது பிரிவு அந்தக் கதவைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது.

இன்னொன்று. முன்பு ஏலம் முடிந்து சொத்து கைமாறும் வரை பணத்தைக் கட்டி வீட்டை மீட்க முடிந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழுப் பாக்கியையும் கட்டியாக வேண்டும். 2023-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. நகையை விற்று, மச்சானிடம் கைமாற்று வாங்கி, ஏலத்துக்கு முதல் நாள் ஓடுவதில் பயனில்லை. கட்டவே வழியில்லை என்றால், வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு நீங்களே ஆள் பார்த்து வீட்டை விற்றுக் கடனை அடையுங்கள். ஏல விலையை விடக் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

வாசகிக்கு ஒரு வேண்டுகோள்: நோட்டீஸில் போட்டிருக்கும் தேதியை அந்தக் கவரின் மேலேயே எழுதி வையுங்கள். 60 நாள் அதிலிருந்துதான் ஓடும்.