கோப்புக்கும் உண்டு இலக்கணம்

மணிமங்கலம் இராஜகோபாலப் பெருமாள் கோயிலில் முதலாம் இராஜாதிராஜன், இரண்டாம் இராஜேந்திரன், வீரராஜேந்திரன் ஆகியோர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றை வாசிப்போர் ஓர் ஒழுங்கைக் காண்பர். முதலில் மெய்க்கீர்த்தி, அடுத்து மன்னன் பெயரும் ஆட்சியாண்டும், பின்னர் நாடும் ஊரும், அதன்பின்னரே கொடைச் செய்தி. யார் காலத்தது, எந்த ஆண்டினது, எந்த ஊரைப் பற்றியது என்னும் வினாக்களுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் விடை கிடைப்பது இவ்வொழுங்கினால்தான்.

அக்கோயிலுக்கு அணித்தேயுள்ள ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிகளில் இன்று ஆலைகள் நிறைந்துள்ளன. இத்தகைய பெருங்கட்டடங்கள் பல, மண்ணில் எழுமுன் கணிப்பொறியில் எழுகின்றன. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ரெவிட் போன்ற மென்பொருள்களில் தரைப்படம், வெட்டுமுகம், முகப்புத் தோற்றம் ஆகியவை தனித்தனிப் படங்கள் அல்ல. ஒரே மாதிரியின் வெவ்வேறு காட்சிகள். ஒரு காட்சியில் சாளரத்தை நகர்த்தினால் ஏனையவற்றிலும் அது நகரும். மூலக்கோப்பு ஒன்றிருக்க, பலரும் அதன் படிகளில் பணியாற்றித் தம் திருத்தங்களை மூலத்தோடு இணைப்பர்.

இத்துணை வசதி இருந்தும் பிழை நேர்வது ஏன்? நம் துறையில் பயின்று, பின் வரைகலைப் பயிற்சி பெற்று ஓர் அலுவலகத்தில் பணிபுரியும் மாணவர் ஒருவர் கூறியது இது. அங்கே ஒரே மாதிரி 'இறுதி', 'புதிய இறுதி', 'உண்மையான இறுதி' என மூன்று பெயர்களில் சேமிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் பழையதொன்றிலிருந்து அச்சிட்ட தாள் பணியிடம் சேர்ந்தது. குழாய்க்கான துளை தவறான சுவரில் விழுந்தது. அச்சான தாள் தானே திருந்தாதன்றோ! ஆயினும் வசவு வாங்கியவர் கோப்புக்குப் பெயரிட்டவர் அல்லர். தாளை நம்பித் துளையிட்ட தொழிலாளியே.

ஏட்டுச் சுவடிகளில் பாடபேதம் உண்டு. அதனை நாம் ஆராய்ந்து மகிழ்கிறோம். கட்டடப் பணியில் பாடபேதம் சுவரை இடிக்கும். ஏழையின் கூலியையும் பறிக்கும்.

இதற்குத் தீர்வு அரிதன்று. கோப்பின் பெயரிலேயே கட்டடம், தளம், பணிப்பிரிவு, திருத்த எண் ஆகியவை மாறா வரிசையில் அமைதல் வேண்டும். வரைவோர் தம் பயனுக்கு வைத்துள்ள காட்சிகளையும் வெளியே செல்லும் வரைதாள்களுக்குரிய காட்சிகளையும் தனித்தனியே தொகுத்தல் வேண்டும். 2018இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 19650 என்னும் பன்னாட்டுத் தரநெறி, பணியில் உள்ளது, பகிரப்பட்டது, வெளியிடப்பட்டது, காப்பில் வைக்கப்பட்டது என நான்கு நிலைகளை வகுத்துள்ளது. 'இறுதி' என்னும் நிலை அதில் இல்லை என்பது எண்ணத்தக்கது.

"இது பொறியாளர் வேலை, தமிழ்த்துறைக்கு இதில் என்ன?" எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். பெயரிடுதலும் வகைப்படுத்தலும் மொழியின் வேலையே. மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது இயல் எனப் பொருளை அடைவுபடுத்திய தொல்காப்பியத்தைப் பயிலும் நம் மாணவர், தம் கட்டுரையை 'புதியது' என்னும் பெயரில் சேமிப்பது முறையாகுமா?

ஆகவே, ஆண்டுதோறும் சில வகுப்பு நேரத்தையேனும் ஆவணங்களுக்குப் பெயரிட்டு அடைவுபடுத்தும் பயிற்சிக்கு நம் துறை ஒதுக்குதல் வேண்டும் என்பது என் கருத்து. மாணவர்களே, உங்களுள் பலர் நாளை அவ்வாலைகளின் அலுவலகங்களில் அமர்வீர்கள். முகமறியா ஒருவர் உங்கள் தாளை நம்பிச் சுவரில் துளையிடுவார் என்பதை நினைவிற் கொண்டு கோப்புக்குப் பெயர் இடுங்கள்.