வெள்ளத்துக்குப் பின் வேட்டி! வெள்ளத்துக்கு முன்?

மேட்டூரில் பதினாறு கண் மதகு திறந்தது என்ற சேதி வந்தால் போதும். பரமத்தி வேலூர் காவிரிப் பாலத்தின் ஓரத்தில் நிற்க இடம் கிடைக்காது. கரூருக்கும் நாமக்கல்லுக்கும் போகிறவர்கள் வண்டியை நிறுத்துவார்கள். தகப்பன் தோளில் ஏறிக் குழந்தை பார்க்கும். "அடேயப்பா, எத்தனை தண்ணி!" என்று வாய் பிளப்பார்கள். பாலத்துக்கு மேலே நிற்பவனுக்கு அது காட்சி. கரையோரக் குடிசையில் கிடப்பவனுக்கோ அது காட்சியல்ல. கழுத்துக்கு வந்த கத்தி!

பிறகு நடப்பது நமக்கெல்லாம் மனப்பாடம். ஒலிபெருக்கி அலறும். அதிகாரிகள் வருவார்கள். மூட்டை முடிச்சோடு மக்கள் பள்ளிக்கூடத்துக்கும் மண்டபத்துக்கும் நடப்பார்கள். சோற்றுப் பொட்டலம் வரும், வேட்டி வரும், சேலை வரும், அவற்றோடு புகைப்படக்காரரும் வருவார். தண்ணீர் வடியும். சேறு காயும். வந்தவர் போவார். குடிசை மட்டும் அதே இடத்தில் மறுபடி எழும்.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கன அடி வந்தது. 2022 ஆகஸ்டிலும் அதே அளவு. 2024இல் ஆடிப் பெருக்கை ஒட்டி ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். மூன்று முறையும் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தறித் தொழிலாளியின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. 2018இல் கோட்டையில் இருந்தவர் வேறு; 2022இல் கோட்டையில் இருந்தவர் வேறு. தண்ணீர் புகுந்த வீதி மட்டும் ஒன்றே!

ஆகவே தோழர்களே, மாற்றாரைத் திட்டி மகிழ்வதற்காக நாம் இதை எழுதவில்லை. அது எளிது, கைதட்டலும் கிடைக்கும். கைதட்டிய கைகளால் அடுத்த ஆடியிலும் சேறு வழிக்க வேண்டியிருக்குமே! ஆகையால் காரணத்தைத் தேடுவோம்.

"எல்லாம் தலைவிதி" என்பார் உண்டு. விதியா? சொல்லாமல் கொள்ளாமல் வரும் விருந்தாளியா காவிரி? குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டுகிறது, கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்புகின்றன, ஒகேனக்கல் சீறுகிறது, மேட்டூர் தளும்புகிறது, பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஜேடர்பாளையம் கடந்த பிறகே வேலூர். முன்கூட்டியே கடிதம் போட்டு, வழியெல்லாம் தந்தி கொடுத்து வருகிற வெள்ளம் இது! 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து, நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை அள்ளிச் சென்றபோது, எச்சரிக்கை சொல்ல இந்தியப் பெருங்கடலில் ஏற்பாடே இல்லை என்றோம். அந்த ஏற்பாடு ஐதராபாத்தில் 2007இல் வந்தது. காவிரிக்கோ எச்சரிக்கை என்றைக்குமே குறைவில்லை. எச்சரிக்கை இருக்கிறது, ஏற்பாடுதான் இல்லை! விதி நம் தலையில் எழுதப்படவில்லை. வரவு செலவுத் திட்டத்தில் எழுதாமல் விடப்பட்டிருக்கிறது.

முதல் காரணம், மறதி. 1924 ஜூலையில் காவிரி கரை உடைத்துப் பாய்ந்ததைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்ட தலைமுறை போய்விட்டது. 1925இல் தொடங்கி 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. 'இனி ஆறு நம் அடிமை' என்று ஊர் நினைத்தது. 120 அடி வரை நிறைந்தால் அணையில் தேங்குவது 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. பெரிய அணைதான், ஐயமில்லை. ஆனால், நிரம்பிய குடத்தில் ஊற்றினால் வழியத்தானே செய்யும்? வந்ததை வந்தபடி வெளியே விடுவதன்றி நிரம்பிய அணைக்கு வேறு வழி ஏது? 2013இல் நிரம்பிய மேட்டூர் மறுபடி நிரம்பியது 2018 ஜூலையில். இடையில் ஐந்து ஆண்டு! அந்த ஐந்து ஆண்டில் ஆற்று மணலில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். பிள்ளைகள் மறக்கலாம். கோப்புகளை வைத்திருக்கும் சர்க்கார் மறக்கலாமா?

இரண்டாவது காரணம், வறுமை. "கரையில் ஏன் குடிசை போட்டாய்?" என்று காரில் வந்தவர் கேட்கிறார். "வேற எடம் எங்கீங்க இருக்குது?" என்று அவன் திருப்பிக் கேட்கிறான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அல்லவா அவனைக் குறை சொல்ல வேண்டும்! அவன் வெற்றிலை கிள்ளும் கொடிக்காலும், தார் சுமக்கும் வாழைத் தோட்டமும் ஆற்றை ஒட்டி இருக்கின்றன. இருபது கல் தொலைவில் வீடு கொடுத்தால், கூலியில் பாதி பேருந்துக்குப் போய்விடும். "வெளியேறு" என்று ஒலிபெருக்கி கட்டளையிடுகிறது. வெளியேறிய நாளின் கூலியை யார் கொடுப்பது என்று அது சொல்வதில்லை. அவன் அறிவில்லாமல் அங்கே கிடக்கவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தையும் அன்றாடம் வரும் பசியையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்துத்தான் கிடக்கிறான். தராசை மாற்றாமல் அவனை மாற்ற முடியாது!

மூன்றாவது காரணம், முன்னேற்பாட்டுக்கு மாலை விழுவதில்லை. உடைந்த கரையைக் கட்டினால் கல்வெட்டு உண்டு. உடையாமல் காத்தவனுக்கு என்ன உண்டு? அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இருவர் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிவாரணம் கொடுத்த ஆட்சிக்கு மக்கள் வாக்குகளை வழங்குகிறார்கள்; முன்னேற்பாட்டுக்குச் செலவிட்ட ஆட்சியை அவர்கள் கண்டுகொள்வதில்லை. ஆனால் முன்னேற்பாட்டில் போட்ட ஒரு டாலர், பின்னால் வரும் சேதத்தில் ஏறத்தாழ 15 டாலரைத் தடுக்கிறது. அவர்கள் கண்டது இதுதான். படித்தவர் மிகுந்த பணக்கார நாட்டிலேயே இந்தக் கதை என்றால், நம் நாட்டைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

இங்கே கணக்கைப் பாருங்கள். 2021 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிதியைப் பதினைந்தாவது நிதிக்குழு பிரித்தபோது, நூறு ரூபாயில் எண்பது ரூபாய் மீட்பு, நிவாரணம், மறுசீரமைப்பு ஆகியவற்றுக்கு. அந்த எண்பதுக்குள்ளே பத்து ரூபாய் ஆயத்தப் பணிக்கு. சேதத்தை முன்கூட்டியே தணிக்க இருபது. அந்த இருபதைத் தனியே ஒதுக்கியதே முன்னேற்றம் என்று பாராட்டலாம். ஆயினும், வந்த பின் செலவே பெரிது என்ற நிலை மாறவில்லை.

முக்கொம்பு நமக்குப் பாடம். 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை 182 ஆண்டு உழைத்தது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடம் பக்கத்தில் 9 மதகுகள் இடிந்து போயின. அதன்பின் ஏறத்தாழ 387 கோடி ரூபாயில் புதிய கதவணை வந்தது. வந்தது நல்லது, வாழ்த்துவோம். ஆனால் 182 வயதுக் கிழவன் கீழே விழுந்த பிறகுதானா வைத்தியரைக் கூப்பிடுவது?

"ஐந்தாண்டு வெள்ளம் வராவிட்டால் செலவு வீண்தானே?" என்று கணக்குப் பிள்ளை கேட்கலாம். ஐந்தாண்டு திருடன் வரவில்லை என்று கதவுப் பூட்டைப் பழைய இரும்புக் கடையில் போடுவாரா அவர்?

முடியாத காரியமா இது? ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் புயலில் அங்கே மாண்டவர் ஏறத்தாழ பத்தாயிரம். பின்னர் கரையோரம் புயல் காப்பகங்களைக் கட்டினார்கள். ஊர்தோறும் இளைஞர்களைப் பழக்கினார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது பத்து இலட்சம் பேர் அளவில் இடம் பெயர்த்தார்கள். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. அதே கடல், அதே காற்று, மாறியது ஏற்பாடு! நெதர்லாந்தில் 1953இல் கடல் உள்ளே புகுந்து 1,836 பேர் மாண்டார்கள். கரை பலவீனம் என்று பொறியாளர் முன்பே சொல்லியிருந்தார். ஆட்சியாளர் காதில் ஏறவில்லை. ஆனால் அடிபட்ட பின் கட்டத் தொடங்கியவர்கள் நிறுத்தவில்லை. ஆட்சிகள் மாறின, வேலை மாறவில்லை. 1997 வரை கட்டினார்கள்!

இனி நம் முறை. நெஞ்சில் கை வைத்துச் சொல்வோம்: வெள்ளத்தன்று கொடி கட்டிய வண்டியில் அரிசியோடு ஓடியவர் நம்மில் ஆயிரம் பேர். பங்குனி வெயிலில், காய்ந்த ஆற்றங்கரையில், "இந்த வீட்டுக்கு எத்தனை கன அடியில் தண்ணீர் ஏறும்?" என்று கேட்டு நடந்தவர் எத்தனை பேர்?

இந்தப் பங்குனியில் நடப்போம். ஜேடர்பாளையம் முதல் மோகனூர் வரை, கிளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு இலட்சம் கன அடியில் எந்த வீடு, ஒன்றரை இலட்சத்தில் எந்த வீடு, இரண்டு இலட்சத்தில் எந்த வீடு என்று எழுதுவோம். 2018இன் தண்ணீர் மட்டத்தைச் சுவரில் சுண்ணாம்பால் கோடிழுப்போம். மறதிக்கு அதுவே மருந்து. நடக்க மாட்டாத கிழவி எந்த வீட்டில், நிறைமாதக் கர்ப்பிணி எந்த வீட்டில், பள்ளிக்கூடத்துச் சாவி யார் கையில் என்று குறிப்போம். மே 1 உழைப்பாளர் நாள். அன்று ஊராட்சிகளில் கிராம சபையும் கூடுகிறது. மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக வைப்போம்: வேலைக்கு நடந்து போகும் தொலைவில் மேட்டு நிலத்தில் பட்டா, வெளியேற்றிய நாளுக்குக் கூலி, ஆண்டுதோறும் வைகாசிக்குள் கரையையும் மதகையும் சோதித்து அறிக்கை. பேரூராட்சிகளில் மன்ற உறுப்பினர் இதையே எழுப்பட்டும். ஆள்வது நம்மவரானால் உரிமையோடு கேட்போம். மாற்றாரானால் உரத்துக் கேட்போம். கேட்காமல் இருப்பது மட்டும் கூடாது!

இந்த வேலைக்கு மாலை விழாது; புகைப்படம் வராது. வெள்ளம் வந்து, ஒருவரும் சாகாமல், ஒரு மூட்டை நெல்லும் நனையாமல் வடிந்து போனால், "என்ன பெரிய வெள்ளம்!" என்று ஊர் சொல்லும். அந்த ஒரு சொல்லே நமக்குப் பாராட்டு. வெள்ளம் வருமுன் அணை கோலச் சொன்னது நம் பழமொழி. சொன்னவன் ஏட்டறிவு இல்லாத உழவன்; செய்யாமல் விட்டவர்கள் படித்த நாம்.

ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். நாள் இருக்கும்போது செய்வதற்குப் பெயர்தான் முன்னேற்பாடு!